கணக்குப் பிரிவின் மூன்றாவது ஜன்னல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி பயிற்சிப் பிரிவிலிருந்து கேட்டார்கள். சுருக்கமாக இருக்கட்டும், ஊக்கம் தருவதாகவும் இருக்கட்டும் என்றார்கள். ஓய்வுபெற்ற ஒருவனிடம் கேட்கக்கூடாத இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்கள். முயன்று பார்க்கிறேன்.

ஆபத்து என்றதும் நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையை நினைப்பீர்கள். இலை சுருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, மழையில் வழுக்கும் சரிவு. இவை நேர்மையான ஆபத்துகள். பார்த்தாலே தெரியும், கையை இழுத்துக்கொள்ளலாம். என் பணிக்காலத்தில் ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்து செத்துப்போயிருக்கக்கூடிய இடம் தொழிற்சாலை அல்ல. குன்னூர் வட்டார அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. அங்கே தரைவிரிப்பு உண்டு, பூப்போட்ட திரைச்சீலை உண்டு. நிறுவனத்தின் அலுவலகங்களிலேயே மிகச் சிறந்த காற்று இங்கேதான் இருக்கிறது என்பதற்காகக் கிடைத்த கோப்பையும் உண்டு.

கோப்பை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த அலுவலகம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடியிருந்த பங்களா. கட்டியவர்களுக்குக் காற்றின்மேல் பகை எதுவும் இருக்கவில்லை. உயரமான கூரை, அகலமான ஜன்னல்கள், கணப்படுப்பு, அதற்கொரு புகைபோக்கி என்று எல்லாம் வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். புகைபோக்கியில் தேனீ கூடு கட்டியது, சிமென்ட் பலகை போட்டு மூடினார்கள். கூரையிலிருந்து குளிர் இறங்கியது, கீழே இன்னொரு கூரை அடித்தார்கள். மிச்சம் இருந்தவை ஜன்னல்கள். அவற்றை மூடவைத்தது ஒரு குரங்கு.

ஒரு நாள் திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்த அந்தக் குரங்கு, மேசைமேல் இருந்த பிஸ்கட்டைத் தொடாமல், அலுவலக முத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. புது முத்திரை வேண்டும் என்றால் கோவைத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். எழுதும் கடிதத்தில் முத்திரை இருக்க வேண்டும். இந்தச் சிக்கல் தீர ஒரு பருவம் ஆயிற்று. அதுவரை அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் முறைப்படி வெளியே போகவில்லை. அதனால் தேயிலை விளைச்சல் சிறிதும் குறையவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு, ஜன்னல்களை எப்போதும் மூடியே வைக்கும்படி உத்தரவு வந்தது. உத்தரவுக்குப் பிறகு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார்கள். கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்த பெயின்ட் காய்ந்து இறுகி, ஜன்னல் சுவராகிவிட்டது.

இந்தப் பெட்டிக்குள் குளிர்காலத்தைக் கழிக்க ஒரு கரிச்சட்டி வைத்திருந்தார்கள். பொது மேலாளர் பிரபாகர் சென்னைக்காரர், குளிரைத் தனக்கு இழைக்கப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்பவர். அவருடைய தனியறையில் மின்சார ஹீட்டர் இருந்தது. கணக்குப் பிரிவுக்கும் ஹீட்டர் வைத்தால் பழைய ஒயரிங் தாங்காது. ஆகவே அலுவலக உதவியாளர் காளிமுத்து தினமும் காலையில் ஒரு பெரிய மண்சட்டியில் மரக்கரியைப் பின்கட்டில் பற்றவைத்து, புகை அடங்கும்வரை விசிறி, கனிந்த பிறகு அறை நடுவில் கொண்டுவந்து வைப்பார்.

“பாருங்க தொர, பொட்டுப் புகை இல்ல. பூ மாதிரி இருக்கு நெருப்பு” என்பார்.

புகை இல்லாத நெருப்பு கெடுதல் செய்யாது என்று நம்பித்தான் இந்த மலையில் குளிர்கால இரவுகளில் குடும்பம் குடும்பமாகக் கண்மூடியிருக்கிறார்கள். மூடிய அறையில் கனியும் கரி விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது யாரையும் இருமவைக்காது. மரியாதையாகத் தூங்கவைக்கும். நான் இதை எழுத்தில் தெரிவித்தேன். பிரபாகர் என்னை அழைத்தார்.

“கரிச்சட்டியை எடுக்கணும்னு எழுதியிருக்கீங்க. எந்தக் கரிச்சட்டி?”

“அதோ, அங்க இருக்கறதுங்க சார்.”

“சொத்துப் பட்டியலைப் பார்த்தேன். அப்படி ஒரு பொருளே இந்த ஆபீஸ்ல இல்லை. இல்லாததை எடுக்கச் சொல்லி நான் எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?”

பட்டியலில் இல்லைதான். கரிகூட விருந்தினர் உபசாரச் செலவில் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊழியர் நலம் என்று சொல்லித் தலைமையகத்திலிருந்து ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு காற்றுத் தரக் கருவி வந்தது. டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். அறையில் காற்று தேங்கினால் சிவப்பு விளக்கு, நன்றாக இருந்தால் பச்சை. கரிச்சட்டியின் விஷ வாயுவை அது அளக்காது. ஆனால் நான்கு பேர் விட்ட மூச்சையே நான்கு பேரும் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் பிரிவில் வைத்த சிறிது நேரத்தில் சிவந்தது, சிவந்தபடியே இருந்தது.

“பழுதா?” என்றார் பிரபாகர்.

“இல்லீங்க. ஜன்னலைத் திறந்தா பச்சையாயிடும்.”

“குரங்கு வரும். நீங்க கையேட்டைப் படிக்கலையா? நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் கருவியை வைக்கவும்னு தெளிவா போட்டிருக்கு.” போட்டிருந்தது. அவர் திரும்பி, “காளிமுத்து! இந்த ஆபீஸ்லயே நல்லா காத்து வர்ற இடம் எது?” என்றார்.

“போர்ட்டிகோங்க தொர.”

கருவி போர்ட்டிகோவுக்குப் போனது. ஹைட்ராஞ்சியாத் தொட்டிகளுக்கு நடுவில், மலைக்காற்றில், இரவும் பகலும் பச்சையாக எரிந்தது. நான் மறுப்புத் தெரிவித்து எழுதினேன். பதில் வந்தது: கருவி நிர்வாகப் பிரிவின் சொத்து, அது இருக்கும் இடம் பொது மேலாளரின் உத்தரவுப்படி நிர்ணயிக்கப்பட்டது, அவருடைய எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் யாரும் இடம் மாற்றக்கூடாது. இந்தப் பதிலை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். உங்களை முட்டாளாக்கும் பதில்களைத்தான் கவனமாகப் பாதுகாக்க வேண்டும்.

ஆண்டு இறுதியில் எங்களுக்கு முதல் பரிசு. பித்தளையில் செய்த இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், கருங்கல் பீடத்தில் நிற்பது போன்ற கோப்பை. தூக்க இரண்டு கை வேண்டும். அதைக் கணக்குப் பிரிவிலேயே வைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் அதைப் பார்த்தபடி தூங்கினார்கள்.

ஆமாம், மதியத்துக்குமேல் கணக்குப் பிரிவில் எல்லோரும் தூங்கினார்கள். ஆனால் பயிற்சியோடு தூங்கினார்கள். ஒருவர் மௌஸைப் பிடித்தபடி, ஒருவர் கன்னத்தில் பேனாவை ஊன்றியபடி. ஸ்டெல்லாவுக்கு மட்டும் அந்தப் பயிற்சி இல்லை. தூக்கம் வந்தால் மேசைமேல் தலையை வைத்துத் தூங்கிவிடுவார். அவருடைய மேசைதான் கரிச்சட்டிக்கு மிக அருகில் இருந்தது. பெண் ஊழியருக்குக் குளிரக்கூடாது என்ற அக்கறையில் அங்கே போட்டிருந்தார்கள்.

இரண்டு முறை மெமோ கொடுத்தார்கள். மூன்றாவது முறை, பணி நேரத்தில் தூங்கிய குற்றத்துக்காகத் துறை விசாரணை என்றார்கள். நிரூபணமானால் வேலை நீக்கம். ஸ்டெல்லாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கோவையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் சம்பளம் இவருடையது ஒன்றுதான். மெமோவை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“ஏனுங்க சார், நா ஊட்ல பகல்ல படுக்கறவளே இல்லீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, துணி தொவச்சு, சமைச்சு, ஒரு கொட்டாவி வர்றதில்லீங்க. இங்க வந்து ஒக்காந்தா மத்தியானம் தல வலிக்குது, கையி காலு தொவண்டு போகுது, அப்புறம் என்ன நடக்குதுன்னே தெரியறதில்லீங்க.”

“ஞாயித்துக்கிழமை தலைவலி இருக்குமா?”

“இல்லீங்க. சாயங்காலம் ஊட்டுக்கு நடந்து போறப்பவே போயிருதுங்க. மெமோ மட்டுந்தான் கூடவே வருதுங்க.”

அலுவலகக் காற்றைப் பற்றி நீங்கள் எத்தனை கையேடு படித்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: விடுமுறை நாளில் உங்கள் தலைவலி எங்கே போகிறது? வீட்டுக்குப் போகும் வழியில் தணிகிற தலைவலி தலையின் நோய் அல்ல, கட்டடத்தின் நோய்.

விசாரணையில் ஸ்டெல்லாவின் தரப்புச் சாட்சியாக என் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். தொழிற்சாலையின் அடுப்பு அறையில் பயன்படுத்தும் கார்பன் மோனாக்சைடு அளவியைக் கொண்டுவந்து, விசாரணை நடக்கும்போதே அளந்து காட்ட அனுமதி கேட்டேன். பிரபாகர் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஒன்று, நடவடிக்கைக்கு இடைஞ்சல் ஆகாதபடி கருவியின் அலாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு, அளவீடு செல்லுபடியாக வேண்டுமானால் விதிப்படி ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும், அதுவரை அறையின் நிலையில் எதையும் மாற்றக்கூடாது. இரண்டாவது நிபந்தனை நானே எழுதிய நடைமுறைக் குறிப்பிலிருந்து எடுத்தது. அவர் அதைப் படித்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விசாரணை அதிகாரியாக வந்தவர் வர்கீஸ். தேவர்சோலைக்கு அப்பால் நம் எஸ்டேட் ஒன்றின் மேலாளர், நியாயமானவர், ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பவர். சம்பவம் நடந்த இடத்திலேயே, நடந்தபோது இருந்த நிலையிலேயே விசாரணை நடக்க வேண்டும் என்றார். ஆகவே கணக்குப் பிரிவில் இருந்த மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வர்கீஸ், பிரபாகர், ஸ்டெல்லா, நான் ஆகிய நால்வரும் ஸ்டெல்லாவின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். விருந்தாளிக்குக் குளிரக்கூடாது என்று காளிமுத்து சட்டியில் அன்றைக்கு இரட்டிப்பாகக் கரி நிரப்பியிருந்தார். ரகசியம் காக்க எங்கள் செல்போன்களை ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார். குளிர் வராமல் கதவுக்கடியில் சாக்கைச் சுருட்டி அடைத்தார். உள்தாழ்ப்பாள் எப்போதோ விழுந்துவிட்டதால், வெளியிலிருந்து தாழ் போட்டுக்கொண்டு காவல் நின்றார். அழைப்பு மணி அடித்தால் மட்டும் திறக்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்பீர்கள். எனக்கு அந்த அளவீடு வேண்டும். அது இல்லாமல் ஸ்டெல்லா தூங்குமூஞ்சி, அதோடு வேலை இல்லாதவர். ஆனால் எந்த எண் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவது என்பதை அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அறைக்குள் போய் எடுக்கும் முடிவில் அந்த அறையின் காற்றும் பங்கு கேட்கும்.

வெளியே ஐப்பசி மழை. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போனது. ஜன்னல் வெளிச்சம் போதும் என்றார் வர்கீஸ். பிரபாகர் குற்றச்சாட்டைப் படித்தார்.

“மேற்படி ஊழியர், பணி நேரத்தில், மேசைமீது தலை வைத்து, மேலதிகாரி அருகில் வந்து நின்றதையும் உணராமல்…”

அங்கே நிறுத்தினார். வர்கீஸ் ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். பிறகு தலை மார்பில் சாய்ந்து, ஆட்டம் நின்றது. கருவியில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

“சார்” என்று கிசுகிசுத்தார் ஸ்டெல்லா. “ஜி.எம். சார் படிக்கறத நிறுத்திட்டாருங்க.”

“யோசிக்கிறாரு.”

“கொறட்ட விடறாருங்க.”

உற்றுக் கேட்டேன். கொஞ்சம் கேட்டது.

“எழுப்பட்டுங்களா?”

“கூடாதும்மா. விசாரணை நடக்கறப்ப, குற்றம் சாட்டப்பட்டவங்க நிர்வாகத் தரப்பைத் தொடக்கூடாது.”

“அப்ப நீங்க எழுப்புங்க.”

“சாட்சியும் தொடக்கூடாது.”

இந்தப் பேச்சை இப்போது எழுதும்போது என் காதே கூசுகிறது. ஆனால் அந்த அறையில் அது மிகவும் நியாயமாக இருந்தது. நான் நிறுத்த வேண்டும் என்று வைத்திருந்த எண்ணைக் கருவி அப்போதே தாண்டியிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் ஓடிவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அளவீடு செல்லுபடியாகுமே என்று நினைத்தேன். நிதானமாக, நல்ல இலக்கணத்தோடு நினைத்தேன். நினைவில் வையுங்கள், விஷ வாயு நம்மைக் குழப்பாது. நம் மேலதிகாரியைப் போலப் பேசும்.

ஸ்டெல்லாவின் தலை தாழ்ந்தது. இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டார்.

“சார், எனக்கும் வருதுங்க. இப்பத் தூங்குனா இது தனி மெமோங்களா? இல்ல, பழைய மெமோலயே சேந்துக்குங்களா?”

கை நழுவி, தலை மேசையில் டொக்கென்று விழுந்தது.

நான் அவருடைய கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். தனி மெமோதான், ஏனென்றால் சம்பவத்தின் தேதி வேறு என்று முடிவுக்கு வந்து, அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான், எழுந்திருக்காத ஒரு பெண்ணுக்கு விதி சொல்லப்போகிறேன் என்பது உறைத்தது. பயம் வந்தது. அந்த அறையில் அன்று எனக்கு உதவியது அது ஒன்றுதான், படிப்பு அல்ல.

அழைப்பு மணியை அழுத்தினேன். மின்சாரம் இல்லை. கதவைத் தட்டினேன்.

“காளிமுத்து, கதவத் தெற!”

“மணி அடிங்க தொர!”

“கரன்ட் இல்லய்யா!”

“ஆமாங்க தொர, அப்பவே போயிருச்சு. மணி அடிச்சாத்தானே தெறக்கச் சொன்னாங்க?”

அவரோடு வாதாட என்னிடம் மூச்சு மிச்சம் இல்லை. கால் துணியால் செய்தது போலிருந்தது. ஜன்னலுக்குப் போய்க் கொண்டியைத் தூக்கினேன். பெயின்ட் விடவில்லை. சுற்றிப் பார்த்தபோது, அலமாரிமேல் பித்தளைக் கொழுந்து மங்கலாக மின்னியது. சிறந்த உள்ளறைக் காற்றுக்கான முதல் பரிசு. முதல் தடவை தூக்கியபோது என் கால்மேல் விழுந்தது. அந்த வலியில் கொஞ்சம் தெளிவு வந்தது. இரண்டாம் தடவை பீடத்தோடு சேர்த்துத் தூக்கி, மூன்றாவது ஜன்னலின் நட்ட நடுவில் எறிந்தேன். கண்ணாடி முழுதாகப் போயிற்று. கோப்பையும் சரிவில் உருண்டு தேயிலைக்குள் போயிற்று. அந்தக் கட்டடத்துக்குள் பல வருடங்களுக்குப் பிறகு மழை வாசனை வந்தது. மூடுபனியும் கூடவே வந்தது.

கதவு திறந்தது. காளிமுத்து நின்றார்.

“கண்ணாடி ஒடஞ்சா தெறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க தொர. அதான்…” என்றவர், உள்ளே பார்த்ததும் பேச்சை விட்டார். நானும் அவரும் ஸ்டெல்லாவை நாற்காலியோடு தூக்கிப் போர்ட்டிகோவில் இறக்கினோம். பிறகு அவர் மற்ற இருவரையும் அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தார். திரும்பப் போய், கரிச்சட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சட்டி இரண்டாகப் பிளந்தது.

“எந்தா சாரே, மஞ்ஞு உள்ள வந்நோ?” என்று மலையாளத்தில் மூடுபனியை விசாரித்தபடி கண்ணைத் திறந்தார் வர்கீஸ். பிரபாகர் எழுந்து நின்று, குற்றச்சாட்டின் அடுத்த சொல்லைப் படிக்க முயன்று, ஹைட்ராஞ்சியாத் தொட்டியில் வாந்தி எடுத்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் காற்றுத் தரக் கருவி, மின்சாரம் போனதைப் பொருட்படுத்தாமல், பாட்டரியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா எழ நேரமானது. அந்த நேரத்தை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. காளிமுத்து அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, “எந்திரிம்மா, எந்திரி தாயி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கண் திறந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். முதலில் கேட்டது, “நான் தூங்கிட்டனுங்களா?” என்பதுதான்.

வாயைத் துடைத்துக்கொண்டிருந்த பிரபாகர் திரும்பினார். தானும் அதே அறையிலிருந்து இழுத்துவரப்பட்டவர் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“யாரும் தூங்கலை” என்றார். “அந்த ரூம்ல யாருமே தூங்கலை.”

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நால்வருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் வாயுவின் பெயரைச் சொல்லியே திட்டினார். பிரபாகர் அதைத் தன் சொந்த உடல்நிலை பற்றிய அந்தரங்கத் தகவல் என்று கூறி, அலுவலகத்துக்குத் தரக்கூடாது என்றார். மதியம் சாப்பிட்ட முட்டைக் குழம்புதான் காரணம் என்று அவர் முடிவு செய்ததால், கேன்டீன்காரருக்கு ஒரு மெமோ போனது. எனக்கும் ஒன்று வந்தது: யாரும் தூங்காத அறையின் கண்ணாடியை உடைத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு. என் அளவீடு செல்லாது. ஒரு மணி நேரம் முடியவில்லை, அறையின் நிலையும் மாற்றப்பட்டுவிட்டது.

ஆக, குற்றச்சாட்டு அப்படியே இருந்தது. விசாரணை தொடர வேண்டும். வர்கீஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார்.

“சம்பவம் நடந்தப்போ இருந்த நிலையிலதான் விசாரண நடக்கணும், கேட்டோ? இப்ப ஜன்னல் இல்ல. ஒரு கண்ணாடி போட எத்தற நாளாகும் சாரே?”

“அது நடைமுறையைப் பொறுத்ததுங்க.”

“நடைமுற யாரு கையில?”

“என் கையிலதாங்க.”

அவர் நர்ஸிடம் ஒரு பேனா கேட்டு வாங்கினார். பிறகு மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு, ஜன்னல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் தொழில். மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை, செங்குத்தான தேயிலைச் சரிவு. ஆகவே அங்கே கண்ணாடி போடுவது உயரத்தில் செய்யும் வேலை. அதற்குப் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு, வேலைக்கு முன்பும் பின்பும் அந்த அறையின் காற்று அளவு வேண்டும். அளவை நிறுவனம் கொடுத்த கருவியில்தான் எடுக்க வேண்டும். கருவி போர்ட்டிகோவில் இருக்கிறது. பொது மேலாளர் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே வரும். நான் பாதுகாத்து வைத்திருந்த பதிலை இணைத்து, ஜன்னல் வேலைக்கான கோப்பினை அவருக்கு அனுப்பினேன். என்னைக் கூப்பிட்டார்.

“போர்ட்டிகோ அளவையே போட்டுக்கக் கூடாதா?”

“போர்ட்டிகோவுக்குக் கண்ணாடி போடலீங்களே சார்.”

“சரி, இப்ப கருவியை உள்ள வச்சா என்ன காட்டும்?”

“பச்சைதாங்க. ஜன்னல் உடைஞ்சிருக்கு.”

“கண்ணாடி போட்ட அப்புறம்?”

“சிவப்பு காட்டுங்க. அந்த அளவையும் தலைமையகத்துக்கு அனுப்பணுங்க.”

கோப்பினை மூடித் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். காற்றோட்டம் என்றால் என்ன என்பது அந்த மனிதருக்குப் புரிந்த தருணம் அது என்று நினைக்கிறேன். புரிந்துகொண்டு, “கோப்பு இங்கயே இருக்கட்டும்” என்றார்.

கரிச்சட்டிக்கும் மாற்று வரவில்லை. உடைந்த பொருளுக்குப் பதில் கேட்க வேண்டுமானால், அந்தப் பொருள் முதலில் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். புது ஒயரிங், பாதுகாப்பான ஹீட்டர், காற்றை மாற்றும் விசிறி எல்லாம் கேட்டு முறையாக நான் எழுதிய பரிந்துரை தலைமையகத்தில் இருக்கிறது. அது நல்ல பரிந்துரை. அதன் வேலையை இப்போதைக்கு ஒரு ஓட்டை பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற அன்று விடைபெறக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். எல்லோரும் ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளிக் குல்லாய் சகிதம் விழித்திருந்தார்கள். காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு மேசையிலும் கூழாங்கல். மூன்றாவது ஜன்னலின் விளிம்பில் ஒரு குரங்கு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா முத்திரையைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

“எப்படிம்மா இருக்கு?” என்றேன்.

“குளுருதுங்க சார். கொரங்கு தெனமும் வந்துருதுங்க. தூக்கந்தான் வர்றதில்லீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “புள்ளைக்கு இது கடைசி வருசங்க” என்றார்.

பிரபாகர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் சுறுசுறுப்பானவர், நிலுவையில் இருக்கும் கோப்புகளை எல்லாம் முடித்துவிட வேண்டும் என்று சொல்கிறார் என்று கேள்வி. உங்களில் ஒருவர் என் நாற்காலிக்குப் போவீர்கள். சேர்ந்த முதல் வாரமே அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். இளம் வயது, நல்ல படிப்பு, இரண்டே நாளில் கண்ணாடி போட்டுப் பெயர் வாங்கிவிட உங்களால் முடியும். தயவுசெய்து வேண்டாம். ஸ்டெல்லாவின் விசாரணை இன்னும் முடிந்துவிடவில்லை, கண்ணாடிக்காகக் காத்திருக்கிறது.

கேட்கக்கூடிய கேள்விகளை எல்லாம் நான் கேட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்காமல் உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். ஜன்னல் சட்டம் தேக்கா, சில்வர் ஓக்கா? அதற்குக் கட்டடப் பிரிவின் சான்று தேவை என்று எழுதி, கையெழுத்திட்டு, கோப்பினைத் திருப்பி அனுப்புங்கள். கட்டடப் பிரிவில் இப்போது ஆள் இல்லை.